கடைசிப் பந்திக்கும் ஒரு தோரணம்

பொங்கல் விருந்தில் பந்தி அலங்காரத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு,

மூன்றாவது மாடி அம்மாயி எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நீங்கள் பன்னிரண்டு பேரும் கூடிப் பேசியபோது நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆளாளுக்கு ஒரு படம் காட்டினீர்கள், ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னீர்கள். நடுவில் புகுந்து உங்கள் உற்சாகத்தைக் கலைக்க மனம் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில் தையலும் கைவேலையும் சொல்லிக் கொடுத்தவள் நான். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். கோயம்புத்தூரில் இப்போது அடுக்குமாடிக்கு அடுக்குமாடி பொதுப் பொங்கல் வைக்கிறார்கள். எல்லா இடத்திலும் உங்களைப் போல நாலு பிள்ளைகள் முந்தின நாள் ராத்திரி மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கும் உதவட்டும்.

நீங்கள் காட்டிய படங்கள் அழகானவைதான். உயரமான கண்ணாடிக் குடுவையில் ரோஜா, வரிசையாக மெழுகுவத்தி, அன்னம் மாதிரி மடித்த துணி. ஆனால் அந்த மேசையில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மேசை அகலமானது. இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்காருகிறார்கள். நடுவில் பாத்திரம் இருக்கிறது, அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் அலங்காரமும் நடுவில் உட்காருகிறது. நம் பந்தியில் ஒரு பக்கம்தான் ஆள். எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவர் நடக்கிற வழி. சாம்பார் வாளியோடு ஒருவர், பொரியலோடு ஒருவர், பின்னாலேயே நெய்க்கிண்ணத்தோடு ஒருவர். அவர்கள் குனிந்து கை நீட்டுகிற இடத்தில்தான் நீங்கள் குடுவை வைக்க நினைக்கிறீர்கள்.

நாம் வாடகைக்கு எடுக்கும் மேசையை அளந்து பார்த்தேன். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஒரு மேசைக்கு மூன்று இலை. நுனி இடப்பக்கம் வர இலையைப் போட்டால் அகலத்தில் ஓரடிக்கு மேல் அதுவே எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது நாலு விரற்கடை. தண்ணீர்த் தம்ளரும் அங்கேதான் நிற்க வேண்டும். ஆக, மேசைமேல் அலங்காரத்துக்கு இடமே கிடையாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. தண்ணீர் தெளித்துத் துடைத்த ஒரு பச்சை இலை வெயிலில் மின்னுகிறபோது அதன் பக்கத்தில் வேறு எதை வைத்தாலும் அதிகப்படியாகத்தான் தெரியும்.

அப்படியென்றால் அலங்காரம் எங்கே போக வேண்டும்? போன வருஷம் சாப்பிட உட்கார்ந்தபோது என் கண் எங்கே போய் விழுகிறது என்று கவனித்தேன். நமக்கு எதிரே நாலடி தள்ளி அடுத்த வரிசை. இலைக்குச் சோறு வருகிற வரைக்கும் எல்லாரும் பார்ப்பது அந்த எதிர்வரிசையின் முன்பக்கத்தைத்தான். அங்கே தெரிந்தது துருப்பிடித்த மேசைக்கால், உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால், அடியில் தள்ளிவிட்ட செருப்பு. மேசை விளிம்பிலிருந்து ஓரடி உயரத்துக்கு அந்த முன்பக்கம் முழுக்க உங்களுடையது, கண்ணுகளா. அங்கே தொங்குவது சாப்பிடுகிறவர் கண்ணுக்கு நேராக இருக்கும். பரிமாறுகிறவர் கையில் தட்டாது. இலை எடுக்கிறவருக்கும் இடைஞ்சல் இல்லை.

இலை எடுக்கிறவரை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருஷம் நடந்தது என் மனசை விட்டுப் போகவில்லை. நீங்கள் அப்போது சின்னவர்கள். பெரியவர்கள் நாங்கள்தான் அலங்காரத்தைக் கடையில் சொல்லி வாங்கினோம். தெர்மாகோலில் வெட்டிய பொங்கல் பானை, ஜிகினாத்தாள் ஒட்டிய கரும்பு, மேசை விளிம்பு முழுக்க பலூன். முதல் பந்திக்குக் கண்ணைப் பறித்தது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பந்தி முடிந்ததும் விரித்த பேப்பரோடு இலையைச் சுருட்டுகிறபோது பானைகள் சாய்ந்தன. இரண்டாம் பந்தியில் ஈரத்துணி பட்டு ஜிகினா உரிந்தது. நான் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து இலையில் சோற்றின்மேல் கசகசா மாதிரி வெள்ளையாக என்னமோ கிடந்தது. தெர்மாகோல் துகள். அது லேசானது, உராய்ந்தால் மின்னேறி எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் விழாது. அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கத்துச் சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

நாலாம் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? வாசலில் காவல் இருக்கும் இரண்டு அண்ணன்மார், தினமும் படிக்கட்டு கூட்டித் துடைக்கும் அக்காமார், சமையல்காரரும் அவருடைய ஆட்களும், அதுவரைக்கும் ஓடி ஓடிப் பரிமாறின பிள்ளைகள். அவர்களுக்கு மிஞ்சியது வெறும் மேசை, இரண்டு கிழிந்த பலூன், ஈரம். பந்திக்கு முந்து என்று நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். வேலை செய்கிறவர்களால் எப்படி முந்த முடியும்? அவர்கள் பிந்தி வருவதால்தானே நாம் முந்த முடிகிறது. இந்த வருஷம் உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான். முதல் பந்தி பார்க்கிற மேசையைக் கடைசிப் பந்தியும் பார்க்க வேண்டும். அதற்குத் தோதான அலங்காரம் எது என்று யோசித்தால் மற்ற கேள்வியெல்லாம் தானாக அவிழ்ந்துவிடும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பிளாஸ்டிக் பொருள்களில், சாப்பாட்டு மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் தெர்மாகோல் தட்டும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் வந்த தடையில் அலங்காரத்துக்கான தெர்மாகோலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். போன வருஷம் நாங்கள் செய்தது தப்பு. அதை நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் தோரணம்.

கணக்கைப் பாருங்கள். நம்மிடம் பன்னிரண்டு மேசை. ஆறு ஆறாக இரண்டு வரிசை, எதிரும் புதிருமாக. ஒரு வரிசைக்கு 36 அடி, இரண்டுக்கும் 72 அடி. அரையடிக்கு ஓர் ஓலை தொங்கவிட்டால் 144 ஓலை. ஒரு பந்திக்கு 36 பேர், நாலு பந்திக்கு 144 பேர். ஆளுக்கு ஓர் ஓலை! நான் இதைத் திட்டமிட்டுப் போடவில்லை. காகிதத்தில் கூட்டிப் பார்த்தபோது தானாக வந்து நின்றது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உங்களில் ஒவ்வொருவரும் பன்னிரண்டு ஓலை மடித்தால் இந்தக் கணக்குக்குப் போதும்.

இதற்கு ஒரே ஒரு தென்னங்குருத்து போதும். நல்ல மட்டையில் இருநூறு ஓலைக்குக் குறையாது. ஒன்றுக்கு மேல் வாங்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். என் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு பார்த்தவர். குருத்து கேட்டு வந்தால் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இரண்டு தடவை யோசிப்பார். தென்னை வருஷத்துக்குப் பன்னிரண்டு, பதினாலு மட்டைதான் விடும், ஏறக்குறைய மாசத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும். குருத்தை வெட்டினால் ஒரு மாசத்து உழைப்பை மரத்திடமிருந்து எடுக்கிறோம் என்று பொருள். மரத்துக்கு வளர்கிற முனை உச்சியில் ஒன்றே ஒன்றுதான், பக்கத்தில் கிளை கிடையாது. தெரியாதவர் ஏறி ஆழமாக வெட்டினால் மரமே போய்விடும். அதனால் நீங்களாக எந்த மரத்திலும் கை வைக்க வேண்டாம். பூமார்க்கெட்டில் விசேஷத்துக்கென்று வெட்டிக் கொண்டுவந்து விற்பார்கள், நானே பார்த்து வாங்கித் தருகிறேன். பழகுவதற்கு, கீழே விழுகிற பச்சை மட்டையின் ஓலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பூங்காவிலேயே கிடக்கிறது.

மடிக்கிற விதம் இது. ஓலையை ஈர்க்கோடு அப்படியே கிழித்து எடுங்கள். தடித்த அடிப்பக்கத்திலிருந்து ஒன்றேகால் அடிக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஈர்க்கை முதுகாக வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் புத்தகம் மூடினது மாதிரி இருக்கும். திறந்த விளிம்பிலிருந்து ஈர்க்கை நோக்கிச் சாய்வாகக் கத்தரியுங்கள், ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. ஈர்க்கைத் தொடக்கூடாது, ஒரு நெல் நீளம் மிச்சம் இருக்க வேண்டும். மேலே மூன்று விரல் அளவுக்கு வெட்டாமல் விடுங்கள், கயிற்றில் மாட்ட அது வேண்டும். இப்போது ஓலையைப் பிரித்தால் இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நறுக்கையும் உள்பக்கமாக வளைத்து, அதன் நுனியை அதற்கு மேலே உள்ள வெட்டுக்குள் செருகுங்கள். அழுத்தி மடிக்காதீர்கள். வளைவு உப்பலாக நிற்க வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் ஓலைக்குள் புகுந்து மஞ்சளாக வெளியே வரும். கீழேவரை செருகி முடித்துத் தூக்கிப் பார்த்தால் கையில் ஒரு நெற்கதிர் தொங்கும்.

முதல் மூன்று ஓலை கிழியும். கவலைப்பட வேண்டாம். நாலாவதில் கை பிடித்துக்கொள்ளும், ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று வரும். என்னிடம் படித்த பிள்ளைகளில் எழுத்து வராமல் திண்டாடினவர்கள்கூட இதைப் பத்தே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பிறகு மற்றவர்களுக்கு அவர்கள்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன.

கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு. ஓலையின் மேல்முனையைக் கயிற்றின்மேல் போட்டுப் பின்னால் மடித்து, விரல் நீள ஈர்க்குத் துண்டால் குத்திச் செருகிவிடுங்கள். ஸ்டேப்ளர் வேண்டவே வேண்டாம். பின் ஒன்று கழன்று இலையில் விழுந்தால் சாப்பிடுகிறவர் வாய்க்குப் போகும். அவர் பார்த்து எடுத்துவிட்டாலும் எச்சில் இலையோடு போய் மாட்டு வயிற்றில் சேரும். மாடு மென்று பார்த்து விழுங்காது, இரும்பு உள்ளே போனால் வயிற்றைக் குத்திவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

முடித்த ஓலைகளை ஈரத்துணியில் சுற்றித் தரையில் பரப்பி வையுங்கள். காற்று பட்டால் காலைக்குள் சுருண்டுவிடும். அதோடு, 144 தொங்கவிட்ட பிறகும் கையில் மிச்சம் இருக்க இன்னும் ஒரு முப்பது ஓலை சேர்த்து மடித்து வைத்திருங்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். சில வீடுகளில் தோரணத்தின் மடிப்பு மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்பதில் கண்டிப்பாக இருப்பார்கள், நல்லதுக்கு ஒரு விதம், துக்கத்துக்கு ஒரு விதம். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சில் நாலு பழைய கதையும் வெளியே வரும்.

மேசைக்கும் மேசைக்கும் நடுவே இணைப்பு தெரியும், அங்கேதான் துருப்பிடித்த கால்களும் சேர்ந்து நிற்கும். அதை மறைக்கக் காப்புக்கொத்து கட்டலாம் என்பது என் ஆசை. நம் கொங்குப் பக்கத்தில் போகி அன்று சாயங்காலம் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு முகப்பில், தொழுவத்தில், கிணற்றடியில், காட்டில் செருகுவோம். அடுக்குமாடிக்கு வந்த பிறகு கதவு நிலையில் ஒன்றே ஒன்று என்று சுருங்கிவிட்டது. அதையே பெரிய கொத்தாகக் கட்டி வரிசைக்கு ஏழு இடத்தில், அதாவது ஐந்து இணைப்பிலும் இரண்டு முனையிலும் கட்டினால் மொத்தம் பதினாலு கொத்து. பூளைப்பூ வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும், வாடினாலும் வாடினது தெரியாது. காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். நாலு பந்தியென்ன, நாலு நாள் ஆனாலும் தாங்கும். ஆவாரம்பூவின் மஞ்சள் மட்டும் மத்தியானத்துக்குள் கொஞ்சம் சோர்ந்துவிடும். பரவாயில்லை, வேப்பிலையின் பச்சை அதைத் தூக்கிக் காட்டும். போகிக்கு விற்று மிஞ்சினதை மறுநாள் சாலையோரத்தில் சும்மாவே கொடுப்பார்கள், முன்கூட்டிச் சொல்லி வைத்தால் போதும்.

வரிசையின் நாலு முனையிலும் கொஞ்சம் பூ இருந்தால் நன்றாக இருக்கும் என்று உங்களில் ஒருத்தி சொன்னாள். எனக்கும் அதில் சம்மதம். மேசைமேல் இல்லாமல் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு வைப்போம். பூவை நிறுத்தப் பூக்கடைகளில் பச்சையாக ஒரு ஸ்பாஞ்ச் கொடுப்பார்கள். அதுவும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். பிய்ந்து தூளாகி மண்ணில் மக்காமல் கிடக்கும். அது நமக்கு எதற்கு, வாழை இருக்கும்போது? வாழையை மரம் என்று சொல்கிறோம், உண்மையில் அது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்ட பட்டைதான். பட்டையைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும், ஒவ்வோர் அறையும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதில் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு போட்டு, செவ்வந்திப் பூவின் காம்பில் ஈர்க்கைக் குத்தி அந்தத் துண்டில் செருகிவிட்டால் சாயங்காலம்வரை பூ நிமிர்ந்து நிற்கும். குலை வெட்டிய வாழை மறுபடி காய்க்காது, எப்படியும் சாய்க்க வேண்டியதுதான். குருத்தோலை மாதிரி மனக்குறை இல்லாமல் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கறைக்குப் பயப்படுங்கள். என் மூத்த மகள் சீமந்தத்துக்கு என் மாமியாரின் பழைய பட்டுக்கரை வேட்டியை மேசையில் விரித்து, அதன்மேல் வைத்தே வாழைத்துண்டு நறுக்கினேன். நறுக்கும்போது தண்ணீர் மாதிரிதான் தெரிந்தது. மறுநாள் பார்த்தால் காப்பிக்கொட்டை நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. எலுமிச்சம்பழம், வெயில், சலவைக்காரர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, போகவே இல்லை. அந்த வேட்டி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதனால் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, பழைய செய்தித்தாள்மேல் வைத்து நறுக்குங்கள். பட்டுப்பாவாடை கட்டியிருக்கிறவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

எந்தப் பூ என்பதில் மட்டும் என் சொல்லைக் கேளுங்கள். செவ்வந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி இந்த மூன்றும் போதும். மூன்றுக்கும் மணம் குறைவு, நிறம் அதிகம். மல்லிகையும் சம்பங்கியும் தலைக்கும் சாமிக்கும் சரி, சாப்பாட்டுப் பக்கத்தில் வேண்டாம். ரசத்தில் போட்ட மல்லித்தழையின் வாசம் மூக்குக்கு வர வேண்டிய நேரத்தில் சம்பங்கி வந்து நின்றால் சமைத்தவருடைய உழைப்பு வீண். வாசலில் ஒரு தட்டில் வையுங்கள், வருகிறவர்கள் ஆளுக்கொரு கிள்ளு எடுத்துக்கொள்ளட்டும். அரளி கூடவே கூடாது. விலை மலிவு, சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணுக்கு அழகு, மாலையில் நிறையக் கட்டுகிறார்கள். ஆனால் பூ, இலை, தண்டு எல்லாம் விஷம். இலைக்குப் பக்கத்தில், குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் அரளி இருக்கவே கூடாது. நம் மாநில மலரான செங்காந்தளும் அப்படித்தான், பார்க்கத் தீக்கொழுந்து மாதிரி இருந்தாலும் முழுச்செடியும் நஞ்சு. தோட்டத்தில் இருந்தால் தோட்டத்திலேயே இருக்கட்டும்.

விளக்கு வைக்கலாமா என்று கேட்டீர்கள். வாசலில் குத்துவிளக்கு ஒன்று போதும். ஓலை தொங்குகிற இடத்தில் அகல் வேண்டாம். சேலைத் தலைப்பும் தீயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. கலர்ப்பொடிக் கோலமும் பந்தி வழியில் வேண்டாம். பரிமாறுகிறவர்கள் வெறுங்காலில் ஓடுவார்கள், தண்ணீரும் சிந்தும், பொடி வழுக்கிவிடும்.

கோலம் போடக் கைவந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள் அல்லவா, உங்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். சின்ன மண் கலயம் எட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டித்துணியில் ஒரு துண்டு எடுத்து அதில் நனைத்து, மூன்று விரலால் பிடித்து லேசாகப் பிழிந்தால் மோதிரவிரல் நுனி வழியாக இழை இறங்கும். தரையில் போடுகிற இழைக்கோலத்தையே கலயத்தின் வயிற்றைச் சுற்றிப் போடுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாது, ‘அம்மாயி, விழவே இல்லையே’ என்பீர்கள். காயக் காயத்தான் சிவப்பு மண்ணில் வெள்ளை எழும்பி வரும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் நீங்கள்.

கலயம் உருளாமல் நிற்கப் பிரிமணை வேண்டும். வைக்கோலைக் கைப்பிடி அளவு எடுத்து முறுக்கி, வட்டமாக வளைத்து, மேலே இன்னொரு பிரியைச் சுற்றிச் செருகிவிட்டால் பிரிமணை. முன்பெல்லாம் அடுப்படியில் பானைக்குப் பானை ஒன்று இருக்கும். இப்போது அந்தச் சொல்லே உங்களில் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கலயத்தில் மஞ்சள் கொத்து இரண்டு, மாவிலை கொஞ்சம் செருகி, முக்காலிக்கு இரண்டாக வாழைத்துண்டுப் பூவுக்குப் பக்கத்தில் வையுங்கள். விருந்து முடிந்ததும் அந்த எட்டும் எட்டு வீட்டுக்குப் போகும். முதல் நாலு யாருக்கு என்பதை நான் முடிவு செய்துவிட்டேன். காவல்கார அண்ணன்மார் இருவருக்கும் கூட்டித் துடைக்கும் அக்காமார் இருவருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்கு என்று ஒன்று வேண்டும். அவர்களை ஓலை மடிக்க உட்கார வைத்தால் ஓலையும் மிஞ்சாது, கத்தரிக்கோலும் மிஞ்சாது. நம் பின்பக்கச் சுவரோரம் பூவரசு நிற்கிறதல்லவா, அதில் முற்றாத இலையாகப் பார்த்துப் பறித்துக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். இலையின் ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் லேசாகச் சப்பையாக்கி ஊதினால் பீப்பி. பந்தியில் ஒவ்வொரு குழந்தையின் இலைக்குப் பக்கத்திலும் ஒன்று வையுங்கள். அந்த இடம் முழுக்க ஒரே சத்தமாக இருக்கும். இருக்கட்டும். என் அப்புச்சி எனக்கு முதல் பீப்பி சுருட்டிக் கொடுத்தபோது நான் மூன்று நாள் அதை வாயிலிருந்து எடுக்கவில்லையாம்.

வெற்றிலைப் பாக்குக்குச் செட்டிநாட்டு ஓலைக் கொட்டான் இரண்டு என்னிடம் இருக்கிறது. பனையோலையை நறுக்கிச் சாயம் ஏற்றி முடைந்தது, புவிசார் குறியீடு வாங்கின சாமான். அதைத் தருகிறேன், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த முப்பது ஓலைக்கு வருகிறேன். மூன்றாம் பந்தி எழுந்ததும் உங்களில் நாலு பேர் தோரணத்தை ஒரு சுற்று பாருங்கள். யாராவது முழங்காலால் இடித்து நசுக்கியிருப்பார்கள், குழந்தைகள் இழுத்திருப்பார்கள், வெயில் பட்ட பக்கம் கொஞ்சம் வதங்கியிருக்கும். கெட்டதை மட்டும் கழற்றி, ஈரத்துணியில் இருக்கும் புதுசை மாட்டுங்கள். முக்காலியில் வாடின செவ்வந்தியை உருவிப் புதுசு செருகுங்கள். மேசையைக் காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துப் புது பேப்பர் விரியுங்கள். கால் மணி நேர வேலை. அதற்குப் பிறகு காவல்கார அண்ணன்மாரையும் அக்காமாரையும் சமையல் ஆட்களையும் உட்காரச் சொல்லுங்கள். அவர்களாக வந்து உட்கார மாட்டார்கள். ‘நீங்க சாப்பிடுங்க கண்ணு, நாங்க அப்புறம்’ என்பார்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பந்திக்கு நானும் உங்கள் அம்மா அப்பாக்களும் பரிமாறுகிறோம், பேசி வைத்தாகிவிட்டது. நீங்கள் பன்னிரண்டு பேரும் அவர்களோடு கலந்து உட்காருங்கள். எதிர்வரிசையில் நீங்கள் மடித்த ஓலை எது என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுங்கள்.

சாயங்காலம் எல்லாவற்றையும் அவிழ்த்து இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். வாழைத்துண்டும் இலையும் மாட்டுக்கு, ஈர்க்கை எல்லாம் உருவின பிறகு. ஓலை, காப்புக்கொத்து, வாடின பூ எல்லாம் பூங்கா மூலையில் உரக்குழிக்கு. கயிற்றைச் சுருட்டி என்னிடம் கொடுங்கள், அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

விருந்து காணும் பொங்கல் மத்தியானம். மாட்டுப் பொங்கல் அன்று விடியற்காலை நாலரை மணிக்குப் பூமார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டும். நேரமானால் நல்ல குருத்து போய்விடும், பொங்கல் விலையும் ஏறிக்கொண்டே போகும். இரண்டு பேர் போதும், ஒரு பெரிய மஞ்சப்பையோடு கீழே வாருங்கள், நான் நின்றுகொண்டிருப்பேன். மற்றவர்கள் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டைமாடிக்கு வந்துவிடுங்கள். ஆளுக்கொரு கத்தரிக்கோல், ஒரு பழைய துணி. மொக்கைக் கத்தரிக்கோல் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், சாணை பிடித்துத் தருகிறேன்.

அன்புடன்,
மூன்றாவது மாடி அம்மாயி